எஞ்சின் பக்கத்து சீட்

ஏற்காடு பஸ்ஸில் யாரும் தூங்குவதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு. பாதிப் பேர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும், மீதிப் பேர் தலை ஜன்னலுக்கு வெளியே இருக்கும். அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியை ஒட்டின சீட்டில், வாய் லேசாகத் திறந்தபடி ஒரு அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். ஒண்டிக்கடை வந்ததும் கண்டக்டர் அவரை எழுப்பவில்லை. பஸ் திரும்பி சேலத்துக்குக் கிளம்பும்போதும் அவர் அதே சீட்டில் இருந்ததைப் பார்த்தேன்.

நான் அப்போது சேலத்தில் விலை உயர்ந்த ஆடியோ சாமான்கள் விற்கும் கடையில் வேலை பார்த்தேன். ஏற்காட்டில் பங்களா கட்டி வைத்திருக்கும் பெங்களூர், சென்னைக்காரர்கள் கடைக்கு வரமாட்டார்கள். வீட்டிலேயே போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆகவே வாரம் ஒரு நாள் மூன்று நான்கு ஹெட்போன்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மலை ஏறுவேன். காதை முழுசாக மூடுகிற பெரிய சாமான்கள் அவை. போட்டுக்கொண்டு கண்ணை மூடி, 'பேஸ் கொஞ்சம் ஓவரா இருக்கே' என்பார்கள். ஆமாம் சார் என்பேன். காதைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற திமிர் எனக்கு அந்த நாட்களில் நிறையவே இருந்தது.

ஏற்காடு எனக்குப் புதிதல்ல. அங்கே ஒரு எஸ்டேட்டில், கூலியாட்கள் குடியிருக்கும் லயன் வீட்டில்தான் பிறந்தேன். காப்பிச் செடிமேல் விழும் நிழலைக் குறைக்க, கிளை கழிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அப்பா மேலேயிருந்து விழுந்தார். எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி, அதன்மேல் அவரைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அம்மா சொல்வார். அதன்பிறகு நாங்கள் குப்பனூரில் மாமா வீட்டுக்கு இறங்கிவிட்டோம். எனக்கு அப்போது மூன்று வயது, ஒன்றும் நினைவில்லை.

பஸ்ஸில் தூங்குகிற அம்மாவைப் பற்றி ஒண்டிக்கடை டீக்கடைக்காரர்தான் முதலில் சொன்னார். "அவங்க எக்ஸ்சேஞ்சு அம்மாங்க. கையில ஒயரு சொருகிப் பேசுன காலத்துல முப்பது வருசம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தாங்க. இந்த ஊருல எவன் எவங்கூடப் பேசினான், என்ன பேசினான், அத்தனையும் அந்தம்மா காதுக்குள்ள இருக்குதுங்க. வாயத் தொறந்தா பத்து ஊட்டுல அடுப்பு எரியாது."

அவர் வாயைத் திறந்ததில்லை. லைனில் கேட்டதை லைனோடு விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை. சொல்ல மாட்டார் என்பது பெரிய விஷயமில்லை, நிறையப் பேர் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். இவர் கேட்கவும் மாட்டார். பெண் கேட்டு வந்த போன் என்ன ஆயிற்று, ஆஸ்பத்திரிக்குப் பேசினார்களே அந்தக் குழந்தை தேறியதா, எதையும் யாரிடமும் விசாரித்ததில்லை. அந்தக் குழந்தையின் தாயே கடைவீதியில் எதிரே வந்தால்கூட, "சாப்புட்டீங்களா?" என்பதோடு சரி. திமிர் பிடித்தவள் என்று ஊரில் பெயர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

பேசிப் பழகியபின் வேறு சங்கதிகள் தெரிந்தன. நாம் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். அடுத்த வாரம் வருகிறேன் என்றால், "அடுத்த வாரம். செவ்வாக்கெளம. காலைல பஸ்ஸு" என்பார். பேச்சு நடுவில் ஒரு நொடி நின்றாலும், "பேசியாச்சுங்களா?" என்று கேட்பார். லைனைத் துண்டிக்குமுன் ஆப்பரேட்டர்கள் கேட்கிற கேள்வி அது. அடித்துக்கொண்டிருந்த இரண்டு டிராக்டர்காரர்களுக்கு நடுவில் போய் நின்று, "பேசியாச்சுங்களா?" என்று கேட்டு, அவர்கள் சிரித்துச் சண்டையை விட்டதாகவும் டீக்கடைக்காரர் சொன்னார். எப்போதும் வலது காதைத்தான் நம் பக்கம் திருப்புவார்.

ஏன் பஸ்ஸில் தூங்குகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஊட்டுல தூக்கம் வர்றதில்லீங்க சாமி. இந்த எடது காதுல கொய்ய்ங்குன்னு ஒரு சத்தம். நிக்கறதே இல்ல. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. எஞ்சின் சத்தத்துல மட்டுந்தான் அது அமுங்கும்."

அந்தச் சத்தத்தை அமுக்க அவர் செய்யாதது இல்லை. பூண்டெண்ணெய் விட்டுப் பார்த்தார். சேர்வராயன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு நடந்தே போனார். காது டாக்டர், பழகிக்கொள்ளுங்கள் என்றார். மார்கழிக் குளிரில் காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு, மேசை மின்விசிறியை முழு வேகத்தில் சுற்றவிட்டு அதன் முன்னால் படுத்தார். மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டு இரண்டு மிக்ஸி எரிந்துபோயின. கிளியூர் அருவிச் சத்தம் கேட்கும் இடமாகப் பார்த்து ஒரு வீட்டுக்குக் குடிபோனார். ஐப்பசி, கார்த்திகை முழுக்க நன்றாகத் தூங்கினாராம். மாசியில் அருவி நூலாகி, பங்குனியில் வெறும் பாறையானது. "அருவிய நம்பி வாடகைக்குப் போன ஒரே ஆளு நாந்தானுங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயமில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரே ஒரு தடவை எக்ஸ்சேஞ்ச் கதை ஒன்றைச் சொன்னார், அதுவும் பெயரில்லாமல். கடைக்காரர் ஒருவருடைய மனைவி இவர் வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்காரர் சேலத்துக்கு யாரிடம் பேசுகிறார் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருக்கிறார். இவர் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"அளுதுட்டே போச்சுங்க அந்தப் பொண்ணு. சொல்லியிருந்தா அளாம போயிருக்குமா, இன்னும் நொம்ப அளுதிருக்குமா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க" என்றார். அன்று ஆறு வளைவு தாண்டியும் அவர் தூங்கவில்லை.

அடுத்த சித்திரைக் கடைசியில் எஞ்சின் பக்கத்து சீட் இரண்டு வாரம் காலியாக இருந்தது. முட்டி வீங்கிவிட்டது, பஸ் படி ஏற முடியவில்லை என்றார் கண்டக்டர். "ஆளு பாதியாப் போச்சுங்க. போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். பங்களாக்காரருக்குப் போன் போட்டு, மத்தியானம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

அடையாளமே தெரியவில்லை. கண்கள் குழிக்குள் போய், உதடு வெடித்து, நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெளியே குழாயைத் திறந்து தகர வாளியில் தண்ணீர் விழவிட்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண், தண்ணியெல்லாம் வீணாப்போவுது என்று கத்திக்கொண்டே வந்து அதை மூடிவிட்டுப் போனாள். பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை, மின்விசிறியும் நின்றிருந்தது.

"பன்னெண்டு நாளாச்சுங்க சாமி. கண்ண மூடுனா அது பெருசாவுது. முந்தாநேத்து கெணத்து வரைக்கும் போனேன். எட்டிப் பாத்துட்டு நின்னேன். இந்தப் பக்கத்து ஊட்டுப் புள்ள கொடத்தத் தூக்கிட்டு வந்துச்சு, திரும்பிட்டேன்." நாளைக்கு மழை வருமா என்று கேட்பதுபோல இதைச் சொன்னார்.

பெட்டியைத் திறந்தேன். என்னிடம் வெளிச்சத்தத்தை அடக்குகிற ஹெட்போன் இருந்தது, கடையிலேயே உசத்தியானது. சத்தத்தால் கஷ்டப்படுகிற ஆளுக்குச் சத்தத்தை அடக்குகிற சாமான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷமாக இதைத் தோளில் தூக்கிக்கொண்டு இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறேனே, ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். மெத்தைகளைத் துணியால் துடைத்து, அவர் தலையில் மாட்டி, பொத்தானை அழுத்தினேன்.

தெருவில் போன ஜீப் சத்தம், குருவிச் சத்தம், பக்கத்து வீட்டுப் பாத்திரச் சத்தம் எல்லாம் அவருக்குப் போயிருக்கும். அவர் கண்கள் விரிந்தன. நல்லதுக்கு என்று நான் நினைத்த அதே நொடியில் இரண்டு கையாலும் அதைப் பிடுங்கி மடியில் போட்டார்.

"ஐயோ சாமி. எல்லாம் போயிருச்சு. அது மட்டும் நிக்குது."

கொஞ்சம் நஞ்சம் துணைக்கு இருந்த சத்தங்களையும் துடைத்து எடுத்துவிட்டு, அவரையும் அந்தக் கொய்ங்கையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறேன். காதைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

அவசரமாக இன்னொன்றை எடுத்தேன். இது பக்கவாட்டில் திறந்த வகை, வெளிச்சத்தமும் கேட்கும். ஒயரை ஒரு சின்னப் பாட்டுப் பெட்டியில் சொருகி, மெதுவான ஒரு பாட்டைப் போட்டேன். பாட ஆரம்பித்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. கை தானாக நீண்டு மேசைமேல் எதையோ தேடியது, பென்சிலாக இருக்க வேண்டும். பாட்டு முடிகிறவரை அசையாமல் கேட்டார். ஒரு குரல் காதுக்குள் வந்துவிட்டால் அவருக்கு அது டியூட்டி. தூக்கம் எங்கே வரும்?

"பேசியாச்சுங்க" என்றார், பாட்டு நின்றதும்.

அப்போது மலைக்கு அந்தப் பக்கம் இடி உருண்டது. சித்திரை மழை. அந்த முட்டியோடு, யாரோ தூக்கிவிட்ட மாதிரி எழுந்து, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சுவரைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"இது பேட்டரிங்கம்மா. கரண்டு வராதுங்க, பயப்படாதீங்க."

"மின்னுனா கழட்டிட்டுத் தள்ளி நிக்கோணும். அதுதான் ரூல்ஸு" என்றார். நின்றபடியே சொன்னார்: "ஒருக்கா கழட்டலீங்க. அன்னைக்குப் புடிச்சதுதான் இந்தச் சத்தம்."

அவராகச் சொன்னது அது. பன்னிரண்டு நாள் தூங்காதவர், தான் என்ன சொல்கிறோம் என்பதே அவருக்கு முழுசாகத் தெரிந்திருக்காது. இதே போல ஒரு சித்திரை மழையில் ஏதோ ஒரு எஸ்டேட்டிலிருந்து கணக்கெழுதும் ரைட்டர் கூப்பிட்டிருக்கிறார். சேலத்திலிருந்து ஆஸ்பத்திரி வண்டி வேண்டும். ஆஸ்பத்திரி லைன் கிடைத்தது, ஆனால் மழை இரைச்சலில் இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கவில்லை. நடுவில் இருந்த இவருக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது.

"ரைட்டர் சொல்றத நான் டாக்டருக்குச் சொன்னேன். டாக்டர் சொல்றத ரைட்டருக்குச் சொன்னேன். கூட இருந்தவங்க, கழட்டு கழட்டுன்னு கத்துறாங்க. கழட்டுனா லைன் போயிரும். மரத்துல இருந்து உளுந்த ஆளுங்க, முதுகு போயிருக்குமோ என்னமோ. ஆள வளைக்காதீங்க, மடக்கித் தூக்காதீங்க, தட்டையாப் பலகை இருந்தா அதுல படுக்க வைங்கன்னாரு டாக்டரு. பலகை இல்லீங்களேங்கறாரு ரைட்டரு. டாக்டரைக் கேக்க நேரமில்ல. நானாத்தான் சொன்னேன், கதவைக் கழட்டுங்கன்னு. அத்தோட பளீர்னு ஒண்ணு உளுந்துச்சு. காதுக்குள்ள நெருப்ப வெச்ச மாதிரி. அந்தக் காதைப் பொத்திட்டு அடுத்த காதுல வெச்சு, வண்டி கெளம்பியாச்சுன்னு சொல்லிட்டுத்தான் எந்திரிச்சேன்."

எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றச் சொன்னது யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"அம்மா, அந்தக் கதவு..." என்று ஆரம்பித்தேன்.

உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "வேண்டாமுங்க. லைன்ல கேட்டது லைனோட. நானும் கேக்கறதில்ல, நீங்களும் சொல்லாதீங்க."

"இல்லீங்கம்மா, அது எனக்கு..."

"சாமி, ஒண்ணக் கேட்டா எல்லாத்தையும் கேக்கோணும். எத்தன ஆசுபத்திரி, எத்தன பிரசவம், எத்தன பேரு பொழச்சாங்க, எத்தன பேரு போனாங்க. அத்தனையும் உள்ள வந்தா நான் எங்க போயித் தூங்குவேன்?"

கோபம்தான் வந்தது எனக்கு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், முப்பது வருஷத்துக்கு ஒரு பதில் கிடைத்துவிடும், அதைக் கேட்க மாட்டேன் என்கிறாரே. அவர் குனிந்து காதைப் பொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தபின் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. பங்களாக்காரருக்கு இன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். பஸ்ஸில் அந்த எஞ்சின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபோதுதான் யோசனை வந்தது.

மறுநாள் காலை, குரல் பதிவு செய்கிற நல்ல மைக் ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு அதே சீட்டில் உட்கார்ந்தேன். கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். பேச்சுக்குரல் ஒன்றுகூட விழக்கூடாது, விழுந்தால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கண்டக்டர் பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி நின்றார். "எல்லாரும் கேளுங்க. எக்ஸ்சேஞ்சு அம்மாவுக்காக பஸ்ஸு சத்தம் புடிக்கறாங்க. அடிவாரம் தாண்டுனா மேல போய்ச் சேர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. வாந்தி எடுக்கறவங்க சத்தமில்லாம எடுங்க."

விசில் அடிக்காமல் தகரத்தைத் தட்டாமல் கையைக் காட்டியே வண்டியை நிறுத்தினார், எடுத்தார். முப்பத்தைந்து நிமிஷம் அந்த பஸ்ஸில் ஒருவர் பேசவில்லை. கல்லூரிப் பையன்கள் போனை அணைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, தாய் முந்தானைக்குள் போட்டுக்கொண்டாள். கியர் மாற்றும் சத்தமும் ஏறும் எஞ்சினின் உறுமலும் மட்டும் என் மைக்கில் விழுந்தன. எத்தனையோ பேருடைய பேச்சைக் காப்பாற்றியவருக்காக ஊர் வாயை மூடிக்கொண்டு வந்தது. எனக்குக் கண் கலங்கியது, வெட்கமாகவும் இருந்தது.

நேராக அவர் வீட்டுக்குப் போய், அந்தத் திறந்த வகை ஹெட்போனை மாட்டி, பஸ்ஸைப் போட்டேன். முதல் வளைவில் அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. மூன்றாவது வளைவில் தளர்ந்தது. ஐந்தாவதில் தலை சாய்ந்துவிட்டது.

பதிவு முடிந்தால் தானாகத் திரும்ப ஆரம்பிக்கும்படி வைத்திருந்தேன். ஆனால் நடுவில் ஒரு நொடி இடைவெளி விழுந்தது. அந்த ஒரு நொடியில் அவர் இமைகள் துடித்தன, முகம் சுருங்கியது. அதன்பிறகு நான் இடத்தைவிட்டு எழவில்லை. பதிவு முடியப்போகும்போதெல்லாம் விரலால் நடு வளைவுக்கு இழுத்துவிட்டேன். கடையிலிருந்து போன் அடித்தது, எடுக்கவில்லை. வெளியே மழை பிடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சோற்றுத் தட்டோடு எட்டிப் பார்த்து, கதவடியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். பதினைந்து தடவைக்கு மேல் ஏற்காடு ஏறியிருப்போம்.

சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் இருக்கும்போதே கண் விழித்தார். இடது பக்கத்தை மட்டும் தூக்கி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"இருக்குதுங்க" என்றார். "அப்படியேதான் இருக்குது."

பெட்டியை மூடுகிற மாதிரி பாவனை செய்தேன். அவர் ஹெட்போனை முழுசாகக் கழற்றி மடியில் வைத்து, அதன் ஒயரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"நேத்து கதவுன்னீங்களே" என்றார். என்னைப் பார்க்கவில்லை. "அந்த ஆளு உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"எங்கப்பாங்க."

ஒயர் சுற்றுவது நின்றது. கேட்கப் பழகாத வாயிலிருந்து அடுத்த கேள்வி வர வெகுநேரம் ஆயிற்று.

"பொழச்சாருங்களா?"

"பொழச்சாருங்கம்மா. கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். அதுக்கப்புறம் பத்தொம்பது வருசம் இருந்தாருங்க."

"பொழச்சாரு" என்றார். "கால் இழுக்கும். பத்தொம்பது வருசம்." சரியா என்பதுபோல வலது காதை என் பக்கம் திருப்பினார்.

"ஆமாங்க."

தலையை ஆட்டினார். பிறகு ஹெட்போனை அவரே எடுத்துத் தலையில் மாட்டி, இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

"இன்னொருக்கா பஸ்ஸப் போடு சாமி" என்றார்.